கிளினிக் வைக்க மாட்டேன் என்கிற மகளைப் பற்றி ஓர் அம்மாவுக்கு

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இத்தனை வருடம் பல் மருத்துவம் படித்துவிட்டு கிளினிக் வேண்டாம், பொது சுகாதாரத்துக்குப் போகிறேன் என்கிறாளே, படிப்பு வீணாகிவிடுமோ என்று கேட்கிறீர்கள். வீணாகாது. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டிய பாதை இது.

அவள் ஏன் இப்படி யோசிக்கிறாள் என்று முதலில் பாருங்கள். உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு வாய் நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. பெரும்பாலும் வராமலே தடுக்கக்கூடிய சொத்தை, கையில் காசில்லாத வீடுகளில்தான் அதிகம் தங்குகிறது. 2007-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் 12 வயதுப் பையன் ஒருவன், சொத்தைப் பல்லில் இருந்த கிருமி மூளைக்குப் பரவி இறந்துபோனான். அந்தப் பல்லை நேரத்தோடு பிடுங்கியிருந்தால் போதும். பல் டாக்டர்கள் நிறைய இருக்கிற நாடுதான், அவன் குடும்பத்துக்கு எட்டவில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம் இது.

சரி, அங்கே என்னதான் வேலை? எந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு எத்தனை பல் சொத்தை, எத்தனை விழுந்தது, எத்தனை அடைத்தது என்று கணக்கெடுப்பது, பள்ளிகளில் பிள்ளைகளின் பல்லில் ஃபுளோரைடு வார்னிஷ் (சொத்தை வராமல் தடுக்கும் பூச்சு) பூச ஏற்பாடு செய்வது, குடிதண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று பார்ப்பது (லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, கூடினால் பல்லில் கறை, ரொம்பக் கூடினால் எலும்பையே பாதிக்கும்), அப்புறம் இதற்கெல்லாம் பணம் ஒதுக்கச் சொல்லி அதிகாரிகளிடம் பேசுவது. சில்வர் டையமின் ஃபுளோரைடு என்று ஒரு மருந்து, டிரில் இல்லாமல் பூசினாலே சொத்தை பரவுவதை நிறுத்தும், பூசிய இடம் கறுத்துப்போகும், அவ்வளவுதான். 2021-இல் அதை உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தார்கள். டாக்டரே போக முடியாத இடத்தில் அதை யார் பூசுவது, அவர்களுக்கு யார் பயிற்சி கொடுப்பது? வாய்க்குள் பார்த்துப் பழகிய ஒருவர்தான் இதைச் சரியாக முடிவு செய்ய முடியும். அவள் படித்த படிப்பு அங்கேதான் வேலை செய்கிறது.

அதனால்தான் படிப்பு முடிந்த கையோடு போக வேண்டாம், இரண்டு வருடமாவது நோயாளிகளைப் பார்க்கட்டும் என்பேன். கைப்பழக்கம் இல்லாமல் திட்டம் போடுகிறவர்களைக் களத்தில் யாரும் மதிப்பதில்லை. பிறகு எம்.பி.எச். (பொது சுகாதார முதுகலைப் படிப்பு) அல்லது பொது சுகாதாரப் பல் மருத்துவத்தில் மேற்படிப்பு. அதில் புள்ளியியலும் நோய்ப் பரவலியலும் நிறைய வரும், கணக்கு என்றாலே கசக்கும் என்றால் இப்போதே சொல்லிவிடட்டும்.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். நன்றாக ஓடும் கிளினிக்கின் வருமானம் பொதுவாக இதில் வராது, கிளினிக் வைக்க வாங்கும் கடன் சுமையும் இருக்காது. வாரத்தில் ஒரு நாள் நோயாளிகளைப் பார்க்க வேலையில் அனுமதி இருந்தால் பார்க்கட்டும், கையும் மறக்காது. பலன் தெரிய வருடங்கள் ஆகும், வலி போய்விட்டது டாக்டர் என்று யாரும் வந்து கையைப் பிடிக்க மாட்டார்கள். அதைத் தாங்குவாளா என்று அவளிடமே கேளுங்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யச் சொல்லுங்கள். பள்ளிப் பல் பரிசோதனை நடத்தும் குழு ஒன்றோடு சில வாரம் போகட்டும், பரிசோதனையோடு நிறுத்தாமல் அந்தப் பதிவுகளை உட்கார்ந்து கூட்டி, அடுத்து என்ன செய்யலாம் என்று இரண்டு பக்கம் எழுதட்டும். எழுதியதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், படித்துவிட்டு அவளிடமே பேசுகிறேன்.