காலையில் அடம்பிடிக்கும் பழைய டிராக்டர்: கேள்வி-பதில்

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, சைலன்சரில் புகையே வருவதில்லை. டீசல் ஏற்றும் கை பம்பை அடித்தால் ஸ்டார்ட் ஆகிறது. பகலில் தொல்லை இல்லை. நாசில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பைப் பிரிக்க வேண்டுமா?

பம்பைத் தொடாதீர்கள். புகை இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை என்று பொருள். என்ஜினை அணைக்க இழுக்கும் ஸ்டாப் கேபிள் பாதியில் சிக்கி நிற்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால், இரவில் லைனில் உள்ள டீசல் டேங்குக்கே இறங்கி, அந்த இடத்தில் காற்று ஏறுகிறது. டேங்க் நிறைந்திருக்கும்போது தொல்லை குறைந்து, கால் டேங்குக்கு வந்ததும் கூடினால் சந்தேகமே வேண்டாம். வெளியே ஈரம் தெரியவில்லை என்று விட்டுவிடக் கூடாது. டீசல் சொட்டாத இடத்திலும் காற்று நுழையும்.

ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் தற்காலிகமாக ஒளி ஊடுருவும் டீசல் ஹோஸ் போட்டு, என்ஜினை ஓட்டிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் டேங்கிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகச் சரிபார்க்க வேண்டும். வெடித்த ரப்பர் ஹோஸ், ஃபில்டர் கிண்ணத்தின் சீல், பைப்பை இணைக்கும் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர் ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். கழற்றிய வாஷரையே மறுபடி போடாதீர்கள். இவை சரியாக இருந்தால், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் வால்வைப் பாருங்கள்.

பிறகு லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கை பம்ப் அடித்து, டீசல் வழியும்போதே இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பில் உள்ள ஸ்க்ரூ, அதே முறை. கடைசியாக ஆக்சிலரேட்டரை முழுதும் திறந்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களுக்குப் போகும் பைப்புகளில் இரண்டின் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, டீசல் பீறிடும்வரை செல்ஃப் அடித்து இறுக்குங்கள். அங்கே கையை வைக்கவே கூடாது. அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும். கை பம்ப் லிவர் பிடிப்பே இல்லாமல் ஆடினால் ஃபீட் பம்ப் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். அதை இயக்கும் கேமின் மேட்டில் நின்றிருக்கும். என்ஜினை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு அடித்துப் பாருங்கள்.

வெள்ளைப் புகை கண்ணை எரிக்கிறது. நாலைந்து முறை அடித்த பிறகுதான் பிடிக்கிறது.

டீசல் வருகிறது, எரியவில்லை. டீசலைப் பற்ற வைப்பது அழுத்தத்தில் பிறக்கும் சூடு மட்டுமே. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சேராது, ஆகவே வேகத்தை முதலில் சரிசெய்யுங்கள். வேகம் சரி என்றால் டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே உள்ள சந்து. அது இறுகிப்போனால் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். அதன் பிறகே சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ். அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது ஏறினால் பழுது பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில் அல்லது ஹெட் கேஸ்கெட்டில். கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் நாசில்களை டெஸ்ட் பெஞ்சுக்குக் கொடுங்கள், பம்ப் டைமிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

புது பேட்டரி போட்டும் செல்ஃப் முக்குகிறது.

ஸ்டாப்பை இழுத்துவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை என்ஜின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் பழுது. கேபிள் உட்காரும் இடத்தில் துருவும் பெயிண்டும் போகத் தேய்த்து இறுக்குங்கள். பாசிட்டிவ் பக்கம், பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டார் டெர்மினலுக்கும் நடுவே இதே சோதனைதான். இரண்டும் சரியென்றால் செல்ஃப் மோட்டாரில் புஷ் தேய்ந்து, உள்ளே சுழலும் ஆர்மேச்சர் உரசக்கூடும். ஒரு தடவைக்கு 10–15 நொடிக்கு மேல் அடிக்காமல், நடுவே ஒரு நிமிடம் ஆற விடுங்கள்.

பெட்ரோல் நனைத்த துணியை ஏர் கிளீனரில் வைக்கலாமா?

கூடாது. பெட்ரோலும் ஈதர் ஸ்ப்ரேயும் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடித்து, ரிங்கையும் பிஸ்டனின் ரிங் பள்ளத்தையும் உடைக்கும். உங்கள் கையும் முகமும் அருகில்தான் இருக்கும்.

நீலகிரியில் இருக்கிறோம். காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் ஹீட்டர் இருக்கிறது, பயனில்லை.

பழைய பெர்கின்ஸ் வகை என்ஜின்களில் வரும் ஹீட்டர் அது. கம்பி சூடாகி, தன்மேல் சொட்டும் டீசலை எரித்து, உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும். சாவியை ஹீட் நிலையில் 15–20 நொடி பிடித்துவிட்டுத்தான் செல்ஃப் அடிக்க வேண்டும். ஏர் ஹோஸைக் கழற்றி, சற்று எட்டி நின்று பாருங்கள். கம்பி சிவக்கவில்லை என்றால் டெர்மினலில் மின்சாரம் வருகிறதா என்று அளங்கள். வந்தும் சிவக்காவிட்டால் ஹீட்டரை மாற்ற வேண்டியதுதான். சிவந்தும் தீ பிடிக்கவில்லை என்றால், அதற்கு வரும் சிறு டீசல் பைப் காலியாகவோ அடைத்தோ இருக்கும்.