பண்ணைப் பெட்டி வந்தாச்சு, அப்புறம்?

பண்ணைச் சந்தா கட்டுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், சந்தேகங்களும்தான். பருவத் தொடக்கத்திலேயே பணத்தைக் கொடுத்துவிட்டு, விளைகிறதில் நம் பங்கை வாராவாரம் ஒரு பெட்டியாக வாங்கிக்கொள்கிற ஏற்பாடு இது. இந்த முறை வந்த கேள்விகளில் சில.

கேள்வி: கேரட்டை ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன். இரண்டே நாளில் துவண்டுவிடுகிறது. பறித்து நாளாகி அனுப்புகிறார்களா?

தழையோடு அப்படியே வைத்திருப்பீர்கள். பறித்த பிறகும் தழை கிழங்கிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெட்டி வந்த அன்றைக்கே விரற்கடை அளவு காம்பு விட்டுத் தழையை நறுக்கிவிடுங்கள். பீட்ரூட், முள்ளங்கிக்கும் இதேதான். கிழங்கைக் கழுவாமல் மூடிய டப்பாவில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். ஏற்கெனவே துவண்டதைத் தூக்கிப் போட வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள், விறைத்துக்கொள்ளும்.

பெட்டியைப் பிரித்து அடுக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் பாதிச் சந்தா வீணாவதும் மிஞ்சுவதும் இருக்கிறது. தக்காளியையும் ஆப்பிளையும் கீரைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அவை விடும் எத்திலீன் வாயு கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கிவிடும். காய்வெட்டுத் தக்காளி வெளியிலேயே பழுக்கட்டும். உருளைக்கிழங்குக்கு வேண்டியது இருட்டு. ஃபிரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, பொரிக்கும்போது சட்டென்று கருகும். வெங்காயத்துக்கு வேறு கூடை.

கேள்வி: மூன்று வாரமாக பீன்ஸ், பீன்ஸ், பீன்ஸ்! என்னதான் செய்வது?

பருவம் என்றால் அப்படித்தான். வந்தால் குவியும், போனால் அடுத்த வருஷம்தான். இந்த வாரம் என்ன சமைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுப் பெட்டியைத் திறக்காதீர்கள். திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், பாதி எரிச்சல் குறையும். மிஞ்சியதைக் கொதிக்கும் தண்ணீரில் மூன்று நிமிஷம் போட்டெடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் ஆறவிட்டு, ஈரம் போகத் துடைத்து ஃப்ரீசரில் வையுங்கள். பச்சையாக அப்படியே உறையவைத்தால் காயிலுள்ள நொதிகள் அடங்காது. நிறமும் ருசியும் மெல்லப் போய்விடும்.

கேள்வி: காற்றை உறிஞ்சி அடைத்த மாட்டுக்கறி பாக்கெட் வந்தது. கறி ஊதா நிறத்தில் இருக்கிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. ஆக்ஸிஜன் படாதவரை கறிக்கு நிறம் கொடுக்கிற மயோகுளோபின் என்ற புரதம் அந்த நிறத்தில்தான் இருக்கும். பிரித்து அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் திறந்து வைத்தால் சிவந்துவிடும். பிரித்ததும் லேசாக ஒரு புளித்த வாடை வரும், அதுவும் கொஞ்ச நேரத்தில் போய்விடும். வாடை போகவே இல்லை, தொட்டால் பிசுபிசுக்கிறது என்றால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: சாப்ஸ் கேட்டால் கழுத்துக்கறியும் கால்கறியுமே வருகிறது. வேகவைத்தால் ரப்பர் மாதிரி இருக்கிறது.

முழு ஆட்டையும் பங்கு போடுகிறார்கள், சாப்ஸுக்கு மட்டும் தனி ஆடு கிடையாது! நிறைய உழைக்கிற தசையில் கொலாஜன் என்ற நார்ப் புரதம் அதிகம். அவசரப்பட்டால் அது இறுகும். மூடி போட்டு, சிறு தீயில் இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்து, கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும், குழம்பும் கெட்டிப்படும். என்னைக் கேட்டால் சாப்ஸைவிட இதில்தான் ருசி.

கொத்துக்கறியையும் ஈரலையும் ஃபிரிட்ஜில் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். மற்ற துண்டுகள் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். அதற்குமேல் என்றால் மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர். உறைந்த கறியைச் சமையல் மேடையில் போட்டு இளக்க வேண்டாம், முந்தின நாளே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: போன வாரம் பாதிப் பெட்டிதான் வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

மழையோ பூச்சியோ காரணம் என்றால் கேட்பது நியாயமில்லை. விளைச்சலில் பங்கு வாங்கியவருக்கு நஷ்டத்திலும் பங்கு உண்டு. ஆனால் உங்களுக்குப் பாதி கொடுத்துவிட்டு மீதியை வெளியே விற்றிருந்தால் தாராளமாகக் கேளுங்கள். கறிக்குத் தனிச் சந்தாவா, ஊருக்குப் போகிற வாரம் பெட்டியை நிறுத்த முடியுமா, இதெல்லாம் பணம் கட்டும் முன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டியவை.

கேள்வி: சுரைக்காய் கடுமையாகக் கசக்கிறது. நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. குக்கர்பிட்டாசின் என்ற அந்த நச்சு வெந்தாலும் போகாது. வாயில் வைத்ததைத் துப்பிவிடுங்கள், ஜூஸ் போட்டுக் குடிக்கவே குடிக்காதீர்கள். பண்ணைக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள், அதே கொடியில் பறித்த காய் இன்னும் நாலு வீட்டுக்குப் போயிருக்கும்.