பேட்டரி இல்லாட்டி கேட்ஜெட் இல்லையா?

வணக்கம் சார்,

நெயில் கட்டரை ‘அருமையான கேட்ஜெட்’னு ஒரு கட்டுரையில எழுதியிருந்தீங்க. அதை வீட்ல சத்தமா படிச்சேன், பெரிய வாக்குவாதமே ஆயிருச்சு. ஒன்பதாவது படிக்கிற என் பையன், சார்ஜ் போட முடியாதது கேட்ஜெட்டே கிடையாது, அது வெறும் சாமான்ங்கிறான். அப்படின்னா கரண்ட்ல ஓடுற வாஷிங் மெஷினும் கேட்ஜெட்தானான்னு என் வீட்டுக்காரர் கேக்குறார். எனக்கு ரெண்டுமே சரியாப் படல. எதைத்தான் கேட்ஜெட்னு சொல்றது? அப்புறம், ‘கருவி’ன்னு நல்ல தமிழ் வார்த்தை இருக்கே, அதை ஏன் எழுத மாட்டேங்கிறீங்க?

– ஒரு வாசகி

வணக்கம்மா,

உங்க பையன் சொல்றதை ஒரேயடியா தள்ளிட முடியாது. இன்னைக்கு கேட்ஜெட்னாலே போன், ஸ்மார்ட் வாட்ச், இயர்பட்ஸ்னுதான் ஆயிருச்சு, அவன் விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து கேட்டது அதுதான். ஆனா அந்த வார்த்தை அதுக்கெல்லாம் ரொம்ப முந்தினது. அச்சுல கிடைக்கிற பழைய சான்றுன்னு சொல்றது 1886-ல ராபர்ட் பிரவுன்ங்கிறவர் எழுதினது, தேயிலைக் கப்பல்ல சீனா வரைக்கும் போய்வர்ற ஒரு பையனோட பயணக் கதை. கப்பல்ல இருக்குற சாமான் அத்தனைக்கும் ஆளுக்குப் பேர் ஞாபகம் இருக்குமா, சரியான பேர் வாயில வராதப்ப மாலுமிங்க அதை கேட்ஜெட்னு சொல்லிருவாங்கன்னு அதுல வருது. கேட்ஜெட் மட்டும் இல்ல, அதே மாதிரி இன்னும் நாலஞ்சு ஒப்புக்குச் சப்பாணி பேரும் வச்சிருந்திருக்காங்க. நாம “அந்த இதை எடேன்… அதான், அந்த அது”ங்கிறோமே, அச்சு அசல் அதுதான். சுதந்திர தேவி சிலையைச் செஞ்ச பாரிஸ் பட்டறைக்காரர் ஒருத்தரோட பேர்லேர்ந்து வந்த வார்த்தைன்னு ஒரு கதையும் சுத்துது, ஆனா சிலை திறந்ததும் 1886-லதான், அதே வருஷ புத்தகத்துல இது மாலுமிங்களோட வாடிக்கையான பேச்சா வருதுங்கும்போது அந்தக் கதை எனக்கு ஒட்டல.

அதாவது இது ஒரு பொருளோட பேரே இல்ல, பேர் வராத இடத்தை அடைக்கிற சொல். எனக்கு இதுலதான் எல்லாமே இருக்குன்னு தோணும். 1945 ஜூலை 16-ம் தேதி நியூ மெக்சிகோ பாலைவனத்துல உலகத்தோட முதல் அணுகுண்டை வெடிச்சுப் பாத்தாங்களே, அதைச் செஞ்ச விஞ்ஞானிங்க தங்களுக்குள்ள அதை ‘கேட்ஜெட்’னுதான் சொல்லிக்கிட்டாங்க. இங்க பேர் மறந்துபோகல, பேரை வெளிய சொல்லக் கூடாது, அதனால ‘அது’. அவ்ளோ பெரிய நாசத்துக்கு இவ்ளோ சின்ன வார்த்தையான்னு நினைக்கிறப்பெல்லாம் எனக்கு என்னமோ பண்ணும்.

சரி, நெயில் கட்டருக்கு வரேன். தயவுசெஞ்சு ஒண்ணை கையில எடுத்து வச்சுக்கிட்டு இதைப் படிங்க. ரெண்டு எஃகுத் தகடு, பின்னாடி ஒண்ணா சேத்திருக்கும், முன்னாடி வாய் கொஞ்சமா திறந்து நிக்கும், நடுவுல தனியா ஸ்ப்ரிங்னு எதுவுமே கிடையாது, அந்தத் தகடோட விறைப்பேதான் ஸ்ப்ரிங். ரெண்டையும் துளைச்சுக்கிட்டு ஒரு சின்ன ஊசி போகுது, அதோட தலையில ஒரு கைப்பிடி. மடக்கி வச்சிருக்கும்போது கைப்பிடி உடம்போட உடம்பா படுத்துக்கிடக்கும், அழுத்தினா ஒண்ணும் நடக்காது, பாக்கெட்ல போட்டாலும் கடிக்காது. அதைத் தூக்கி, அரைவட்டம் சுத்தி, அப்படியே பின்பக்கம் சாய்ச்சீங்கன்னா அதே கைப்பிடி நெம்புகோலா மாறி நிக்கும், இப்ப கட்டைவிரலால லேசா அழுத்துனா போதும், அதோட திமில் மேல் தகடைக் கீழ தள்ளும், ஊசி அடித் தகடை மேல இழுக்கும், நகம் டக்குனு விழும், கையை எடுத்தா வாய் தானா திறந்துக்கும். இவ்ளோ சூட்சுமத்தை விரல் நீளத்துல அடக்கியிருக்காங்க! இதை கேட்ஜெட் இல்லேங்கிறதுக்கு எனக்கு மனசு வரலம்மா.

அந்தச் சூட்சுமம்தான் என்னோட முதல் அளவுகோல், கரண்ட் இல்ல. ஸ்க்ரூ டிரைவர் கேட்ஜெட் இல்ல, ஏன்னா அதுல திறமை முழுக்க பிடிக்கிற கையில இருக்கு, சாமான் சும்மா இரும்பு. அதுலயே ரேட்செட் வச்சு, ஒரு பக்கம் மட்டும் திருகி மறுபக்கம் வெறுமனே சுத்துற மாதிரி பண்ணிட்டா, கை செய்ய வேண்டிய வேலையில கொஞ்சத்தை சாமானே வாங்கிக்குது, அப்ப அது கேட்ஜெட் பக்கம் நகர ஆரம்பிச்சிருச்சு.

உங்க வீட்டுக்காரர் கேள்விக்கு ரெய்னர் பேன்ஹம்ங்கிற பிரிட்டிஷ் விமர்சகர் 1965-லயே நல்லா யோசிச்சிருக்கார். அவர் பாக்குறது என்னன்னா, சின்னதா இருக்கணும், தன்னளவுல முழுசா இருக்கணும், அளவுக்கும் விலைக்கும் மிஞ்சின வேலை செய்யணும், மாட்டவும் பயன்படுத்தவும் பெரிய பயிற்சி வேண்டாம், முக்கியமா வேற எந்தக் கட்டமைப்பையும் நம்பி இருக்கக் கூடாது. வாஷிங் மெஷினுக்கு தண்ணிக் குழாய் வேணும், சாக்கடை வேணும், பிளக் பாயின்ட் வேணும், வீட்டையே அதுக்கு ஏத்த மாதிரி அமைக்கணும், அதனால அது மெஷின். இதே கணக்குல பாத்தா இன்னைக்கு ஸ்மார்ட்போன்தான் உதைக்குது, டவர் இல்ல நெட் இல்லன்னா அதுல பாதி செத்துப்போயிருதே. கையடக்கமா இருக்குறதால அதை கேட்ஜெட்ங்கிறோம், ஆனா ஒரு பெரிய மெஷினோட நுனி மட்டும்தான் நம்ம கையில இருக்குன்னு நான் நினைக்கிறேன். உங்க பையன் இதுக்கு ஒத்துக்க மாட்டான், பரவாயில்ல.

அளவு எவ்ளோ முக்கியம்னு பாக்க கால்குலேட்டர் போதும். கேசியோ கம்பெனி 1957-ல கொண்டுவந்த 14-ஏ ஒரு மேஜை அளவு, உள்ள 300-க்கு மேல ரிலே (கரண்ட்ல தானா மாறுற சுவிட்ச்), ஆபீஸ்ல ஒரு இடத்துல வச்சா வச்சதுதான். 1972-ல அதே கம்பெனி கேசியோ மினியை கையில பிடிக்கிற மாதிரி விட்டாங்க. ரெண்டும் செய்றது கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தல்தான், ஆனா முதலாவதை யாரும் கேட்ஜெட்னு சொல்ல மாட்டாங்க, ரெண்டாவதை எல்லாரும் சொல்லுவாங்க.

விண்டோஸ் விஸ்டா கம்ப்யூட்டர்ல ஓரமா வர்ற கடிகாரம், காலண்டரைக்கூட கேட்ஜெட்னுதான் சொன்னாங்க, அது இரவல் பேச்சு, அதை விட்டுருவோம். இன்சூரன்ஸ் மாதிரி விஷயம்னா மட்டும் என் பேச்சையோ அகராதியையோ நம்பாதீங்க, அந்தப் பத்திரத்துல கேட்ஜெட்னா எது எதுன்னு போட்டிருக்காங்களோ அதுதான் செல்லும்.

கடைசியா ‘கருவி’. எனக்கும் ரொம்பப் பிடிச்ச வார்த்தை, அதனாலதான் யோசிக்கிறேன். அமைச்சு அதிகாரத்துல “கருவியும் காலமும்”னு ஆரம்பிக்கிற குறளுக்கு, கருவின்னா படையும் பொருளும்னு பரிமேலழகர் உரை சொல்றார். அவ்ளோ அகலமான சொல் அது, உளியும் கருவிதான், வீணையும் கருவிதான், ஒரு காரியத்துக்கு எதெல்லாம் துணையோ எல்லாமே கருவி. அதைக் கொண்டுபோய் இந்தச் சின்னச் சூட்சுமச் சாமானுக்கு மட்டும் ஒதுக்குறதுல எனக்கு இஷ்டமில்ல. ‘பொறி’ இன்னும் கிட்ட வருது, எலிப்பொறியில இருக்குற அந்தப் பொறி, தொட்டதும் உள்ள ஒண்ணு நடக்கும்ங்கிற அர்த்தம் அதுல இருக்கு. ‘கைப்பொறி’ன்னு எழுதிப் பாக்கலாமான்னு ஒரு ஆசை இருக்கு, யாராவது பேச்சுல சொன்னாத்தான் அது நிக்கும், அதுவரைக்கும் கேட்ஜெட்னே எழுதுறேன்.

பையன்கிட்ட ஒரு பழைய நெயில் கட்டரைக் குடுங்க. ஊசியை உருவி, கைப்பிடியைத் தனியா எடுத்து, திரும்ப அவனே மாட்டட்டும். மாட்டினதுக்கு அப்புறமும் அது வெறும் சாமான்தான்னு சொன்னான்னா எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கம்மா, அதை அவனையே எழுதச் சொல்லுங்க.