கெரடோகோனஸுக்கு சி3ஆர் செய்வது பாதுகாப்பானதா?

தம்பிக்கு 19 வயது, இரண்டு கண்ணிலும் கெரடோகோனஸ் (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கருவிழி மெலிந்து கூம்புபோல் முன்தள்ளும் நோய்), கருவிழியை இறுக்கும் சி3ஆர் சிகிச்சை செய்யச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டு கண்ணிலும் செய்துகொண்டவன். ஸ்கேனில் கூம்பு வளர்வது தெரிந்து, கருவிழித் தடிமனும் போதுமானதாக இருந்தால் தைரியமாகச் செய்யுங்கள். வலது கண்ணில் பட்ட வலியை நினைத்து இடது கண்ணை நான் எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். அதற்குள் கூம்பு கூடிவிட்டது. வலது கண்ணுக்கு இன்றும் கண்ணாடி போதும். இடது கண்ணுக்கு ஸ்கிளீரல் லென்ஸ் (கண்ணின் வெள்ளைப் பகுதியில் அமரும் பெரிய காண்டாக்ட் லென்ஸ்) போட்டால்தான் எழுத்து தெரிகிறது.

இது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான சிகிச்சை. முதல் முடிவுகள் 2003இல் வெளிவந்தன, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016இல் அனுமதித்தது. ரைபோஃபிளேவின், அதாவது பி2 விட்டமின் சொட்டை விட்டுப் புற ஊதா ஒளியைக் காட்டும்போது கருவிழியின் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. அந்த ஒளி உள்ளே போய்விடாதா என்றுதான் எனக்கும் பயம். சொட்டு ஊறிய கருவிழியே ஒளியில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். ஆனால் அதற்குக் குறைந்தது 400 மைக்ரான் (0.4 மில்லிமீட்டர்) தடிமன் வேண்டும். உள்பக்கத்து எண்டோதீலியம் செல்கள் போனால் திரும்ப வளராது, அதற்காகத்தான் இந்தக் கணக்கு. தம்பியின் ரிப்போர்ட்டில் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். குறைவாக இருந்தால் கருவிழியை உப்பவைக்கும் தனிச் சொட்டு உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.

செய்யும்போது வலி இல்லை. மரத்துப்போக மருந்து விட்டு மேல்தோலை வழித்து எடுத்தார்கள். அரை மணி நேரம் மஞ்சள் சொட்டு, பிறகு அரை மணி நேரம் நீல வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இப்போது பல இடங்களில் ஒளி நேரம் பத்து நிமிடம்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம். அன்று ராத்திரி கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தல், நிற்காத கண்ணீர். அம்மா ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டினார். மூன்றாம் நாள் குறைந்தது, மேல்தோல் ஆறும்வரை கண்ணில் வைத்திருந்த பேண்டேஜ் லென்ஸை ஐந்தாம் நாள் எடுத்தார்கள்.

உண்மையான ஆபத்து இந்த நாட்களில்தான். மேல்தோல் மூடும்வரை கிருமித்தொற்று வந்தால் தழும்பு விழலாம். அதனால் ஆன்டிபயாடிக் சொட்டு போடுவதை ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள், கண்ணில் குழாய்த் தண்ணீர் படக் கூடாது. வலி குறைந்து மறுபடி கூடினால் ராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முன்பு கண்ணில் ஹெர்பீஸ் வைரஸ் தொற்று வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

2009இல் வெளியான ஒரு ஆய்வில், சிகிச்சை பெற்ற கண்களில் 2.9 சதவீதத்தில் பார்வை, எழுத்துப் பலகையில் இரண்டு வரிசையோ அதற்கு மேலோ குறைந்தது, 7.6 சதவீதத்தில் செய்தும் கூம்பு வளர்ந்தது. பார்வை குறையும் ஆபத்து 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அதிகம். தம்பி வயதில் ஆபத்து வேறு பக்கம்: இந்த வயதில்தான் கூம்பு வேகமாக வளரும்.

இன்னொன்று, இது கண்ணாடியைக் கழற்றும் சிகிச்சை அல்ல, கூம்பை அப்படியே நிறுத்தத்தான். முதல் ஒன்றிரண்டு மாதம் பார்வை இன்னும் மங்கும், அப்போது பதறாதீர்கள்.

அப்புறம், தம்பி கண்ணைக் கசக்குகிறாரா என்று கவனியுங்கள். அலர்ஜியால் நான் சின்ன வயதிலிருந்து விரல் முட்டியை வைத்துத் தேய்ப்பேன், அது கருவிழியை இன்னும் கெடுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அரிப்பு இருந்தால் அதற்கான சொட்டை இன்றே கேட்டு வாங்குங்கள், சி3ஆர் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.