பெட்டி வேண்டாம் டீச்சர், சீட்டு வெட்டுங்கள்

கேள்வி: விளவங்கோடு வட்டத்தில் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியில் 2, 3 வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்துப் பாடம் எடுக்கிறேன். 20 பிள்ளைகள். ஆங்கில விளையாட்டு என்றால் குதித்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் சத்தம் போடுவது எல்லோரும், ஆங்கிலம் பேசுவது நாலே பேர். பக்கத்து வகுப்பு டீச்சருக்கும் வருத்தம். 14,500 ரூபாய்க்கு ஆங்கில விளையாட்டுப் பெட்டி ஒன்றை ஒருவர் கொண்டுவந்து காட்டினார். பெற்றோரிடம் பிரித்து வாங்கலாம் என்கிறார். வாங்கலாமா? (ஓர் ஆசிரியை)

பதில்: வாங்காதீர்கள். பெட்டியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, பிறகு வருகிறேன். முதலில் அந்த நாலு பேர்.

நீங்கள் படத்தைத் தூக்கிக் காட்ட, பிள்ளைகள் கூட்டமாகப் பெயர் சொல்கிறார்கள். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். இதில் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டே ஒரு பிள்ளை வருஷம் முழுக்க ஓட்டிவிடலாம். படம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்போது அதை ஏன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்? பேசாமல் ஜெயிக்க முடியாது என்றால்தான் பிள்ளை பேசும். அதற்கு, என் கையில் இருப்பது உனக்குத் தெரியக் கூடாது, உன் கையில் இருப்பது எனக்குத் தெரியக் கூடாது.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 10 படங்களை இரண்டிரண்டாக வரைந்து 20 சீட்டு வெட்டுங்கள். மீன், வள்ளம், தேங்காய், ஆடு, குடை, மட்டி வாழைப்பழம் என்று பிள்ளைகள் தினமும் பார்ப்பவை போதும். ஆளுக்கு ஒரு சீட்டு, யாருக்கும் காட்டக் கூடாது. தன் சோடியைக் கண்டுபிடிக்க நடந்து நடந்து கேட்க வேண்டும்: “டூ யூ ஹேவ் எ ஃபிஷ்?” “நோ, ஐ ஹேவ் எ கோட்.” சோடி கிடைத்தவர்கள் சீட்டைத் தந்துவிட்டு உட்காரலாம். எல்லோருக்கும் கிடைத்ததும் கலைத்துப் போட்டு மறுபடியும். ஒருவர் வராவிட்டால் அந்தச் சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும், உங்களிடமும் வந்து கேட்பார்கள்.

நீங்கள் ஒவ்வொருவராகக் கேட்டால் பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம். இதில் ஒரே நேரத்தில் பத்து சோடி பேசுகிறது. பக்கத்து டீச்சரின் வருத்தத்துக்கும் வழி உண்டு. காதோடு காதாகத்தான் கேட்க வேண்டும், மூன்றாவது ஆள் காதில் விழுந்தால் சீட்டை மாற்றிவிடுவேன் என்று சொல்லுங்கள். ஆட்டத்தின் விதியைத் தமிழிலேயே சொல்லுங்கள். விதி புரியாத பிள்ளை கடைசி வரை நின்று முழிக்கும்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்த்துப் பிரித்த அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (நடு நிலை), மலர் (மேல் நிலை) இங்கே உங்களுக்கு உதவும். இருவராகச் சேர்ந்து ஆடும் எந்த ஆட்டத்திலும் அரும்புப் பிள்ளையை மொட்டோடு சேருங்கள். மலரோடு சேர்த்தால் மலர்ப் பிள்ளையே இரண்டு பேருக்குமாகப் பேசி முடித்துவிடும்.

‘சைமன் சேஸ்’ எல்லோருக்கும் தெரியும். ‘சைமன் சேஸ்’ என்று தொடங்கிச் சொன்னால் செய், அந்தப் பேர் சொல்லாமல் சொன்னால் அசையாதே. காதுக்கு நல்ல ஆட்டம். ஆனால் தவறு செய்தவரை வெளியே உட்கார வைக்காதீர்கள். முதலில் வெளியேறுவது யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான். ஆளைக் கழிக்கும் எந்த ஆட்டத்தையும் ஆங்கில வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம்.

ஒரே ஒரு இடத்தில் கழிக்கலாம். வெளியே வந்த பிள்ளைதான் அடுத்த கட்டளையைச் சொல்ல வேண்டும் என்றால், அங்கே கழிப்பது தண்டனை ஆகாது, முன்னால் வந்து நிற்கும் பதவி ஆகிவிடும். அதற்கும் நிபந்தனை உண்டு. “டச் யுவர் நோஸ்”, “ஜம்ப்” மாதிரி நாலைந்து கட்டளைகளை ஒரு வாரம் கேட்டுப் பழகியிருக்க வேண்டும். இல்லையென்றால் முன்னால் வந்து வாயடைத்து நிற்கும், மற்றவர்கள் சிரிப்பார்கள், அந்தப் பிள்ளை பிறகு முன்னால் வரவே வராது. வெளியே வந்தவர் இரண்டு பேர் என்றால் இருவரும் சேர்ந்து சொல்லட்டும், பயம் பாதியாகும். மூன்று பேருக்கு மேல் போனால் ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் உள்ளே கூப்பிடுங்கள்.

நம் பக்கத்துக்கென்றே ஓர் ஆட்டம். குண்டூசிக்கான ஆங்கிலச் சொல்லையும் குப்பைத்தொட்டிக்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பின்’தான். நம் எழுத்தில் வித்தியாசம் காட்ட வழியில்லை. காதும் எழுத்தோடு போய்விடுகிறது. வாய்க்கு முன்னால் மெல்லிய தாள் துண்டைப் பிடித்துச் சொல்லச் சொல்லுங்கள். குண்டூசிக்குத் தாள் படபடக்கும், குப்பைத்தொட்டிக்கு அவ்வளவாக அசையாது. ஒருவர் சொல்ல, மற்றவர் எந்தப் படம் என்று தொட வேண்டும். உங்கள் பகுதியில் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகள் இருந்தால் அவர்களை நடுவராக்குங்கள். அந்த மொழியில் இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு, சட்டென்று பிடித்துவிடுவார்கள்.

இனி பெட்டி. அதில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்கிறேன்: பளபளப்பான அட்டைகள், ஒரு பென் டிரைவ், ‘ஐ ஃபார் இக்ளூ’. மழைக்குக் குடை பிடித்து வரும் பிள்ளைக்குப் பனி வீடு எதற்கு? அதன் கூடவே ஃபோனிக்ஸ் (எழுத்தின் ஒலியைச் சொல்லி வாசிக்கப் பழக்கும் முறை) பயிற்சி, நாலு நாளில் சான்றிதழ் என்பார்கள். எழுத்து 26, ஒலி ஏறக்குறைய 44 என்று சுவரில் மாட்ட ஒரு தாள் தருவார்கள். அந்தத் தாள் பிள்ளையின் வாயைத் திறக்காது. “ஆபீசில் சொல்லிவிட்டார்கள், எல்லாப் பள்ளியும் வாங்குகிறது” என்று சொன்னால் ஒன்றே கேளுங்கள்: எழுத்தில் உத்தரவு எங்கே? தேதியும் எண்ணும் போட்ட தாள் இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் அந்தப் பேச்சையே எடுக்க விடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஏமாந்தேன். பெற்றோரிடம் தலைக்கு 300 ரூபாய் வாங்கிக் கொடுத்தேன். வந்த புத்தகத்தில் பாதிப் பக்கம் நம் பாடநூலின் நகல். கொண்டுவந்தவரின் போன் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. கூலிக்குப் போகிற அம்மாக்கள் தந்த பணம் அது. இன்னும் உறுத்துகிறது.

இப்படி ஆட்கள் உள்ளே வருவதற்கு இடம் கொடுப்பது யார்? இரண்டு டீச்சருக்கு ஐந்து வகுப்பைக் கொடுத்து, பாட நேரத்தில் செயலியில் பதிவு செய், படம் எடுத்து அனுப்பு என்று கேட்டு, நடுவில் பயிற்சிக்கும் கூப்பிட்டு, கடைசியில் பிள்ளை ஏன் பேசவில்லை என்று கேட்கிறார்கள். ஒரு டீச்சரை ஒரு மாதம் முழுசாக வகுப்பில் இருக்க விட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

சீட்டு ஆட்டம் நடக்கும்போது நீங்கள் ஆட வேண்டாம். வருகைப் பட்டியலின் நகலை வைத்துக்கொண்டு சுற்றி வாருங்கள். ஒரு முழு வாக்கியம் கேட்டால் அந்தப் பெயருக்கு நேராக ஒரு கோடு. வெள்ளிக்கிழமை கோடே விழாத பெயர்கள் ஐந்தாறு இருக்கும். திங்கட்கிழமை ஆட்டத்தில் முதல் கேள்வியை அவர்கள் உங்களிடம் வந்து கேட்கட்டும், அவர்களுக்குச் சோடியான சீட்டை நீங்களே எடுத்து வைத்திருங்கள்.