இரவானதும் மேலே ஏறும் கடல் தரை: கேள்வி பதில்

ஆறுகள் எல்லாம் நல்ல தண்ணீரைத்தானே கொண்டுவந்து கொட்டுகின்றன. கடல் மட்டும் ஏன் கரிக்கிறது?

ஆற்று நீரிலும் உப்பு உண்டு, நாக்குக்குத் தெரியாத அளவில். மழைநீர் பாறைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்து வருகிறது. கடலடி வெந்நீர் ஊற்றுகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஆறுகள் சோடியத்தைவிடக் கால்சியத்தைத்தான் அதிகம் கொண்டுவருகின்றன. ஆனால் சிப்பிகளும் பவளங்களும் அதை எடுத்து ஓடு கட்டிக்கொள்கின்றன. சோடியத்துக்கும் குளோரைடுக்கும் அவ்வளவு தேவை இல்லாததால் அவை சேர்ந்துகொண்டே போயின. ஒரு லிட்டர் கடல்நீரை வற்றவிட்டால் சுமார் 35 கிராம் உப்பு மிஞ்சும்.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் பாதி கடலிலிருந்து வருகிறதாமே?

இதை இப்படிச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி கடலில் நடக்கிறது, அது சரி. ஆனால் அங்கே உண்டாகும் ஆக்சிஜனைக் கிட்டத்தட்ட முழுவதுமாகக் கடல் உயிர்களே செலவழித்துவிடுகின்றன. காற்றில் இருப்பது கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த இருப்பு. கடலில் ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணிய தாவர மிதவை உயிரிகளை நாம் காப்பாற்ற வேண்டியதற்கு வேறு காரணம் இருக்கிறது: கடலில் அநேகமாக எல்லோருக்கும் சோறு போடுவது அவைதான்.

என் மகள் கேட்கிறாள்: ஆக்டோபஸுக்கு நிஜமாகவே மூன்று இதயமா?

நிஜம்தான். இரண்டு செவுள்களுக்கு, ஒன்று உடம்புக்கு. நீந்தும்போது அந்த மூன்றாவது நின்றுவிடுகிறது. அதனால் சீக்கிரம் களைத்துப்போகும். பெரும்பாலும் ஊர்ந்தே போவதற்கு அதுவும் ஒரு காரணம். ரத்தம் நீல நிறம் என்றும் சொல்லுங்கள், நம் ரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அங்கே செம்பு செய்கிறது.

மிக அதிக ஆயுள் உள்ள மீன் எது?

கிரீன்லாந்து சுறா. கண் வில்லையை வைத்து வயதைக் கணித்த 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி, குறைந்தது 272 ஆண்டுகள்.

கடலில் உங்களை மிகவும் அசத்திய விஷயம் எது ஐயா?

யோசிக்கவே வேண்டாம், தினமும் இரவில் நடக்கும் அந்த ஏற்றம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோனார் (ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டுத் தூரம் அளக்கும் கருவி) வைத்து ஆழத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு குழப்பம் வந்தது. தரை வெகு கீழே இருக்க வேண்டிய இடத்தில், சில நூறு மீட்டரிலேயே எதிரொலி வந்தது. அந்தி சாய்ந்ததும் அந்தத் 'தரை' மேலே ஏறியது, விடிந்ததும் இறங்கியது. அது தரையே இல்லை. லாந்தர் மீன்கள், கணவாய்கள், இறால் போன்ற சின்னஞ்சிறு கிரில் என்று அடர்ந்து நிற்கும் உயிர்க்கூட்டம். மீன்களின் காற்றுப்பைகளில் பட்டுத்தான் ஒலி அவ்வளவு பலமாகத் திரும்பியது.

இருட்டில் மேலே வந்து மேய்வார்கள், வெளிச்சத்தில் வேட்டையாடுபவர் கண்ணில் படாமல் கீழே போய்விடுவார்கள். இந்தக் கூட்டத்தில் கோப்பிபாடுகள் என்ற, இறாலுக்குத் தூரத்து உறவான மிகச் சிறிய உயிர்களும் உண்டு. நுண்ணோக்கியில் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடித் துண்டுபோல உடம்பு, உடம்பளவுக்கு நீண்ட இரண்டு உணர்கொம்புகள். அசையாமல் நிற்கும், அப்புறம் சட்டென்று ஒரே துள்ளலில் பார்வையை விட்டே போய்விடும். மூன்று மில்லிமீட்டர் உயிர் 300 மீட்டர் ஏறினால், தன் நீளத்தைப்போல லட்சம் மடங்கு. காலையில் அதே தூரம் இறங்க வேண்டும். உலகக் கடல்களில் நேற்றிரவும் இது நடந்தது, இன்றிரவும் நடக்கும்.

மேலே தின்றதைக் கீழே போய்க் கழிப்பதால், மேற்பரப்பின் கார்பனில் ஒரு பகுதி ஆழத்துக்குப் போய்ச் சேர்கிறது.

அப்படியென்றால் ஆழத்தில் இருப்பவை எல்லாம் மேலிருந்து விழுவதை நம்பித்தான் வாழ்கின்றனவா? சூரியனே தேவைப்படாத உயிர் கிடையாதா?

1977 வரை அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அந்த ஆண்டு கலாபகஸ் தீவுகளுக்கு அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் 'ஆல்வின்' நீர்மூழ்கி வெந்நீர் ஊற்றுகளைக் கண்டது. தேடிப் போனவர்கள் புவியியலாளர்கள், உயிரியலாளர் ஒருவர்கூடக் கூட இல்லை. அங்கே கூட்டமாக நின்றன குழாய்ப் புழுக்கள்: ஆளுயரத்துக்கு வளரக்கூடிய வெள்ளைக் குழாய், நுனியில் ரத்தச் சிவப்பில் ஒரு குஞ்சம். வளர்ந்த புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஊற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடை வைத்துச் சமைத்துப் போடுகின்றன.

ஆனால் அந்தச் சமையலுக்கும் ஆக்சிஜன் வேண்டும். குஞ்சத்தின் சிவப்பு, நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின்தான். அது பிடித்துக் கொடுக்கும் ஆக்சிஜன் மேலே வெயிலில் உண்டாகி, குளிர்ந்து கனத்த நீரோடு ஆழத்துக்கு இறங்கி வந்தது.