ஹாட் டிஸ்க் மேல் தவறுதலாக வேறொன்றை எழுதிவிட்டேன், பழைய ஃபைல்கள் திரும்பக் கிடைக்குமா?

எழுதப்பட்ட இடத்தில் இருந்தது போனது போனதுதான், அதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் 1 டிபி டிஸ்க்கில் 2 ஜிபி எழுதப்பட்டால் மிச்சம் அத்தனையும் அப்படியே கிடக்கிறது, வழி தெரியாமல் கிடக்கிறது, அவ்வளவுதான். ஆகவே இதை வாசிக்கிற இந்த நேரத்தில் அந்த டிஸ்க் இன்னும் குத்தியபடி இருந்தால் முதலில் கழற்றி வையுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

எனக்கு நடந்தது 2022 மார்ச் கடைசியில். இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரன்ட் வெட்டினார்களே, அந்தக் கிழமை. களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டில் மருமகனுடைய பழைய லப்டொப் விண்டோஸைத் தாங்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தது, சரி, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுப்போம் என்று பென் டிரைவை எடுத்தேன். என்னுடைய 1 டிபி வெளி ஹாட் டிஸ்க் ஏற்கனவே குத்தியிருந்தது. கரன்ட் போகமுன் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் டிஸ்க்கில் நேரடியாக எழுதும் டிடி கட்டளையில், பென் டிரைவின் பெயரான எஸ்டிசி என்று கொடுக்க வேண்டிய இடத்தில் ஹாட் டிஸ்க்கின் பெயரான எஸ்டிபி என்று கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு எழுத்து. டிடி 'நிச்சயமா?' என்று கேட்கிற ஆள் இல்லை. பார்த்தால் பென் டிரைவின் விளக்கு சும்மா இருக்கிறது, ஹாட் டிஸ்க்கின் நீல விளக்கு துடிதுடிக்கிறது. நான் வயரைப் பிடுங்குவதற்குள் எழுதி முடிந்துவிட்டது. "என்ன மாமா, முகம் வெளுத்துப் போச்சு?" என்றான் மருமகன்.

அந்த டிஸ்க்கில் இருந்தவை கல்யாண வீட்டு போட்டோக்கள் மட்டுமென்றால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். மண்டூர்ப் பக்கம் ஓர் ஊரில் அரங்கேறிய வடமோடிக் கூத்து, விடிய விடிய ஆடியது, முழு இரவும் ஒலிப்பதிவாக அதில்தான் இருந்தது. குருமண்வெளித் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறிப் போய்ப் பதிந்தது. அதில் பாடிய அண்ணாவியார், கூத்துப் பழக்கிய ஆசான், இப்போது இல்லை.

அந்த நேரத்தில் நான் செய்த ஒரே புத்தியான காரியம் எதுவும் செய்யாமல் இருந்தது. டிஸ்க்கை விண்டோஸில் குத்தினால் 'இதைப் பாவிக்க முதலில் ஃபோமட் செய்ய வேண்டும்' என்று கேட்கும், கையை அதில் வைக்காதீர்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபோமட் என்றால் டிஸ்க் முழுவதும் பூச்சியத்தை எழுதுகிறது, குயிக் ஃபோமட்கூட பழைய அடையாளங்களில் சிலதை மிதித்துவிடும். டவுனில் ஒரு கடையில் என் சிநேகிதனுக்கு 'செக் பண்ணிப் பார்க்கிறோம்' என்று முழு ஃபோமட்டே செய்து கொடுத்திருந்தார்கள். கடை பெயர் வேண்டாம்.

அடுத்தது நகல். 2 டிபி டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி, டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் பழைய டிஸ்க்கை அடி முதல் நுனி வரை அதில் பிரதி எடுத்தேன். கட்டளை கொடுக்கமுன் இந்தத் தடவை மருமகனை இரண்டு டிஸ்க்கின் அளவையும் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். இதில் நல்ல விஷயம், எதுவரை எடுத்தது என்று குறித்து வைக்கும் ஒரு மேப் ஃபைலின் பெயரையும் கொடுத்துவிட்டால் இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கரன்ட் மூன்று தரம் போய் வந்த எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பிறகு டெஸ்ட்டிஸ்க், தொலைந்த பார்ட்டிஷனைத் தேடிப் பிடிக்கிற மென்பொருள். இதுவும் இலவசம், கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதியது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக வரும், பயப்பட வேண்டாம். மின்ட் இமேஜ், அதாவது நான் எழுதிய நிறுவல் ஃபைல், என் டிஸ்க்கின் முதல் 2 ஜிபியைத் தின்றிருந்தது, அதாவது டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டது என்று சொல்லும் பார்ட்டிஷன் டேபிளும், அந்தப் பிரிவின் விவரம் இருக்கும் பூட் செக்டரும் காலி. ஆனால் விண்டோஸ் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டரின் பிரதியொன்றைப் பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் ஒளித்து வைத்திருக்கும். டெஸ்ட்டிஸ்க் ஆழமாகத் தேடி அதைப் பிடித்தது. அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கும் எம்எஃப்டி என்ற பதிவேடு, விண்டோஸில் ஃபோமட் செய்த பெரிய டிஸ்க்குகளில் வழக்கமாக 3 ஜிபி தாண்டித்தான் தொடங்கும். நான் எழுதியது 2. ஒரு ஜிபியில் தப்பினேன். இப்போது வருகிற உபுண்டு இமேஜ் 5 ஜிபிக்கு மேல், அதை எழுதியிருந்தால் பதிவேட்டின் தலையும் போயிருக்கும்.

அப்படிப் போயிருந்தால் போட்டோரெக் என்ற இன்னொரு மென்பொருள்தான் வழி. அது பெயர், ஃபோல்டர் ஒன்றையும் பார்க்காது, ஜேபெக் போட்டோ இப்படித் தொடங்கும், வேவ் ஒலிப்பதிவு இப்படித் தொடங்கும் என்று ஃபைலின் தலையைப் பார்த்தே பொறுக்கி எடுக்கும். எடுத்ததெல்லாம் எஃப் என்ற எழுத்தும் ஒரு நீள எண்ணுமாகக் குவிந்து கிடக்கும், எது எவருடைய கல்யாணம் என்று நீங்கள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். துண்டு துண்டாக டிஸ்க்கில் சிதறியிருக்கும் பெரிய வீடியோக்கள் இதில் பெரும்பாலும் உருப்படியாக வராது. எதில் எடுத்தாலும் மீட்டதை அதே டிஸ்க்கில் சேமிக்காதீர்கள், மறுகா முதலிலிருந்து அழ வேண்டி வரும்.

உங்களுடையது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டில்லாத சிப் டிரைவ், என்றால் நிலைமை வேறு. ஃபோமட் செய்தவுடனேயே விண்டோஸ் ட்ரிம் என்ற கட்டளையை அனுப்பிவிடும், டிரைவ் தானாகவே பழையதைத் துடைத்துவிடும், அதற்குப் பிறகு எந்த மென்பொருளும் பெரும்பாலும் வெறும் பூச்சியத்தைத்தான் வாசிக்கும். மேலே எழுதியதையும் சுரண்டி எடுக்கலாம் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 1996 இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் எழுதிய, 35 தடவை எழுதி அழிக்கச் சொன்ன கட்டுரையைக் காட்டுவார்கள். அது அந்தக் கால டிஸ்க்குகளுக்கு, இப்போதைய டிரைவ்களுக்குப் பொருந்தாது என்று குட்மனே பின்னர் எழுதிவிட்டார்.

இனி பலர் கவனிக்காத ஒன்று. டெஸ்ட்டிஸ்க்கில் முழுப் பட்டியலும் வந்ததும் நான் துள்ளிக் குதித்தேன், பெயர் சரி, அளவு சரி, திகதி சரி. ஆனால் பதிவேடு தப்பியதால் பெயர் தெரிகிறதே தவிர, அந்த முதல் 2 ஜிபிக்குள் இருந்த ஃபைலுக்குள்ளே இப்போது இருப்பது மின்ட். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் பழைய டிஸ்க்கைத் துடைத்துவிடாதீர்கள். நான் இரண்டு கிழமை இரவிரவாகக் கேட்டுப் பார்த்தேன். மூன்றாவது ஃபைலில் மத்தளமும் சல்லாரியும் உச்சத்துக்கு ஏறுகிற இடம், அண்ணாவியார் குரல் எடுக்கிறார், திடீரென்று தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி இரைச்சல். கடைசி வரைக்கும் அதே இரைச்சல்தான்.

அந்தத் துண்டைப் போனில் போட்டு அண்ணாவியாருடைய மகனுக்குக் கேட்கக் கொடுத்தேன். இரைச்சல் தொடங்கின இடத்தில் நிறுத்தாமல் அவர்பாட்டில் மிச்சத் தருவை, அந்தக் கூத்துப் பாட்டை, பாடிக்கொண்டு போனார். பதிய வரட்டுமா என்று கேட்டதற்கு, "வேளாண்மை வெட்டு முடியட்டும் தம்பி" என்றார்.